ஞாயிறு தாண்டிய விசுவாசம்: வாலிப ஊழியமும் அன்றாடத் தீர்மானங்களும் (1844–1967)

திருச்சபையின் வாலிப ஊழியம் எதற்காகத் தோன்றியது? பாட்டு, முகாம், வினாடி வினா, கிறிஸ்துமஸ் நாடகம் என்று இன்று அது பல வடிவங்களில் நடக்கிறது. அதன் தொடக்க வரலாற்றைப் பார்த்தால் அங்கே வேறொரு கவலை இருந்தது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்ட வசனம், திங்கட்கிழமை கடையிலும் தொழிற்சாலையிலும் ஓர் இளைஞன் எடுக்கும் முடிவை எப்படி வழிநடத்தும் என்பதே அந்தக் கவலை. 1844 முதல் 1967 வரையிலான காலத்தில் இந்தக் கேள்வி வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இளைஞர்களிடம் உண்மையான பொறுப்பு இருந்தபோதும், அவர்கள் உழைத்த இடமே கூட்டத்தில் பேசுபொருளானபோதும் விசுவாசம் வாழ்க்கைத் தீர்மானமாக மாறியது. இவை நழுவியபோது வெறும் அடையாளமாகச் சுருங்கியது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

துணிக்கடை மாடியில் ஒரு ஜெபக்குழு

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் 1821-ல் பிறந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், லண்டனில் ஹிட்ச்காக் அண்ட் ராஜர்ஸ் என்ற துணிக்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் கடைப் பையன்கள் கடையின் மேல்மாடியிலேயே தங்கினார்கள். விடிந்தது முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. அது முடிந்தால் ஒதுங்க மதுக்கடையைத் தவிர வேறு இடம் கிடையாது. ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்த இளைஞர்கள் அந்த வாழ்க்கையில் எளிதில் நிலைகுலைந்தார்கள்.

சக ஊழியர்களோடு படுக்கையறையில் ஜெபிக்கத் தொடங்கிய வில்லியம்ஸ், 1844 ஜூன் 6 அன்று நண்பர்களுடன் சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தோற்றுவித்தார். போதகர்கள் கூட்டிய கூட்டமல்ல அது. கடையில் வேலைபார்த்தவர்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கம். வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக அமர்ந்தார்கள். வேதபாட வகுப்போடு வாசிப்பு அறையும் சொற்பொழிவுகளும் சேர்ந்தன. 1855-ல் பாரிஸில் உலக மாநாடு கூடும் அளவுக்கு இயக்கம் பரவியது. 1890-ல் சென்னையிலும் அது வேரூன்றியது.

உறுதிமொழியும் கமிட்டியும்

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் வில்லிஸ்டன் சபையின் போதகராக இருந்த பிரான்சிஸ் கிளார்க்கின் கவலை எளிமையானது. ஞாயிறு பள்ளியை முடித்த பிள்ளைகள் பெரியவர்களின் சபையில் தங்களுக்கு இடமில்லாமல் விலகிப் போனார்கள். 1881 பிப்ரவரி 2 அன்று அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார்.

அங்கே வைக்கப்பட்ட உறுதிமொழி கடினமானது. உறுப்பினர் நாள்தோறும் ஜெபிக்க வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும். கூட்டத்துக்கு வருவதோடு அதில் ஏதேனும் ஒருவகையில் பங்கெடுக்கவும் வேண்டும். வாய்மூடி உட்கார்ந்திருக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஜெபக்கூட்டத்துக்கு ஒரு கமிட்டி, புதியவர்களைக் கவனிக்க ஒரு கமிட்டி, நட்புறவு நிகழ்ச்சிகளுக்கு ஒரு கமிட்டி என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. பல சபைகளில் பெண்கள் பொதுக் கூட்டத்தில் வாய்திறக்கத் தயங்கிய காலத்தில், இளம்பெண்களும் ஜெபித்தார்கள், பேசினார்கள், கமிட்டிகளை நடத்தினார்கள். இதுவே இந்த இயக்கத்தின் மிகப் பெரிய சாதனை எனலாம்.

அதன் குறையும் இங்கேதான் இருந்தது. பொறுப்பு வந்தது, ஆனால் அது பெரும்பாலும் சபைக்குள்ளேயே நின்றது. கூட்டத்தில் பங்கெடுப்பதே விசுவாசத்தின் அளவுகோலாக மாறும் அபாயம் இருந்தது. உறுப்பினர் வேலைபார்க்கும் ஆலையில் என்ன நடக்கிறது என்று உறுதிமொழி கேட்கவில்லை.

டொபீகாவில் எழுந்த கேள்வி

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் போதகராக இருந்த சார்லஸ் ஷெல்டன் (1857–1946). வேலை தேடும் அச்சுத் தொழிலாளியாக வேடமிட்டு நகரத்தில் அலைந்து, ஏழைகளின் நிலையை நேரில் அறிந்தவர் அவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த டென்னசிடவுன் பகுதியில் 1893-ல் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கப் பாடுபட்டார்.

1896-ல் ஞாயிறு மாலைக் கூட்டங்களில், பிரசங்கத்துக்குப் பதிலாக வாரம் ஒரு அத்தியாயமாக ஒரு கதையை இளைஞர்களுக்கு வாசித்தார். பின்னர் நூலாகி உலகெங்கும் விற்ற ‘அவர் அடிச்சுவடுகளில்’ அதுதான். அந்தக் கதையில் ஒரு சபையைச் சேர்ந்த சிலர், ஓராண்டுக்கு எந்தச் செயலுக்கு முன்பும் ‘இயேசு என்ன செய்வார்?’ என்று கேட்டபிறகே முடிவெடுப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் குத்துச்சண்டைச் செய்தியை வெளியிட மறுக்கிறார். ரயில்வே அதிகாரி ஒருவர் தம் நிறுவனம் சட்டத்தை மீறுவதைக் கண்டுபிடித்து, அதை வெளிப்படுத்தி வேலையையும் விடுகிறார். விசுவாசம் இங்கே சம்பளத்தையும் பதவியையும் தொட்டது.

ஷெல்டன் கதையோடு நிற்கவில்லை. 1900 மார்ச்சில் ‘டொபீகா டெய்லி கேபிடல்’ நாளிதழை ஒரு வாரம் தாமே நடத்தினார். மது, புகையிலை விளம்பரங்களை நீக்கினார். குற்றச் செய்திகளுக்கு இடத்தைக் குறைத்தார். முதல் நாள் முதல் பக்கத்தில் இந்தியாவை வாட்டிய பஞ்சத்தை வெளியிட்டு உதவி கேட்டார். சுமார் 12,000 பிரதிகள் விற்ற நாளிதழ் அந்த வாரம் 3,60,000-ஐத் தாண்டியது.

பின்னாளில் இந்தக் கேள்விக்கு நேர்ந்ததும் ஆய்வுக்குரியது. 1989-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலண்ட் நகரில் ஒரு சபையின் வாலிபர் குழு, இக்கேள்வியின் ஆங்கில முதலெழுத்துகளை நெய்த கைப்பட்டைகளை அணியத் தொடங்கியது. 1990-களில் அவை பல இலட்சக்கணக்கில் விற்பனைப் பொருளாயின. ரயில்வே அதிகாரியின் வேலையையே பறித்த கேள்வி, மணிக்கட்டு அலங்காரமாகவும் விற்க முடிந்தது.

திருநெல்வேலியின் வழி

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றுக்கு ஒரு தெளிவான கிளை உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. ச. அசரியா, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சென்று இளைஞர்களிடையே உழைத்தார். 1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியர்களுடையவை என்பது அதன் கொள்கை. 1909-ல் அவரே நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் புறப்பட்டார். 1912-ல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பொறுப்பை அந்நிய மிஷனெரியிடம் விட்டுவிடாமல் தன் தோளில் ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் வாலிப ஊழியத்தில் பயின்ற ஒருவரிடமிருந்து வந்தது.

பார், சிந்தி, செயல்படு

பொறுப்பையும் உழைக்கும் இடத்தையும் முழுமையாக இணைத்தவர் பெல்ஜியத்தின் கத்தோலிக்கக் குரு ஜோசப் கார்டைன். உழைக்கும் குடும்பத்தில் 1882-ல் பிறந்த அவர், குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, பள்ளித் தோழர்கள் தம்மைத் தவிர்ப்பதைக் கண்டார். ஆலைக்குப் போய்விட்ட அவர்களுக்கு, குருவாகப்போகிறவர் முதலாளிகளின் பக்கத்து ஆளாகத் தெரிந்தார். அந்த இடைவெளியே அவருடைய வாழ்நாள் பணியைத் தீர்மானித்தது.

1912-ல் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய லாக்கன் பங்கில் பொறுப்பேற்றதும், தையல் வேலை செய்த இளம்பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார். 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறைப்படி உருவானது. அதன் முறை மூன்று படிகள் கொண்டது. முதலில் பார்: கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, மேற்பார்வையாளர் பெண்களிடம் எப்படி நடக்கிறார் என்று உறுப்பினர்கள் தாங்களே விசாரித்து வருவார்கள். அடுத்து சிந்தி: கண்டதை நற்செய்தியின் வெளிச்சத்தில் எடைபோடுவார்கள். பிறகு செயல்படு: அடுத்த கூட்டத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் தீர்மானிப்பார்கள். குரு உடனிருப்பார், தலைமை இளம் தொழிலாளர்களுடையது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். நாஜி ஆக்கிரமிப்பில் 1942-ல் கார்டைன் கைதானார். இயக்கத்தின் தொடக்கத் தலைவர்களுள் ஒருவரான ஃபெர்னான் டோனே 1945-ல் டாகாவ் வதைமுகாமில் இறந்தார். 1961-ல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் ‘மாத்தெர் எத் மஜிஸ்த்ரா’ சுற்றுமடலில் இம்மூன்று படிகளையும் திருச்சபையின் சமூகப் போதனையைச் செயல்படுத்தும் முறையாக ஏற்றார். கார்டைன் 1965-ல் கர்தினாலாகி, 1967-ல் மறைந்தார்.

முடிவுரை

இந்த வரலாறு நமக்குச் சில தெளிவான முடிவுகளைத் தருகிறது. வில்லியம்ஸ் இளைஞர்களைச் சங்கமாக்கினார். கிளார்க் அவர்களுக்குப் பொறுப்பு கொடுத்தார். ஷெல்டன் அன்றாடத் தொழிலைக் கேள்விக்குள் கொண்டுவந்தார். கார்டைன் அவற்றை ஒரு நடைமுறையாக்கினார். கேள்வியைத் தனிமனிதன் மட்டும் சுமந்தால் அது தளர்ந்துவிடும். நண்பர்கள் கூடிச் சுமந்தால் நிலைக்கும்.

நம் சபைகளின் வாலிபர் கூட்டங்களும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். லஞ்சம் கேட்கும் அலுவலகம், சாதி பார்த்து நடக்கும் பெண் பார்க்கும் படலம், வரதட்சணை, கீழ்வேலை செய்பவரிடம் நாம் பேசும் விதம் ஆகியவை கூட்டத்தின் பேசுபொருளாகின்றனவா? முடிவெடுக்கும் அதிகாரம் இளைஞர்களிடம் இருக்கிறதா, பெரியவர்கள் எழுதித்தந்த நிகழ்ச்சி நிரலை அவர்கள் நடத்துகிறார்களா? போதகர்களும் சபைக் கமிட்டிகளும் மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது முழுமையாக வாலிபர்களிடம் ஒப்படைத்து, அவர்கள் கடந்த வாரம் வேலையிடத்திலும் வீட்டிலும் சந்தித்த ஒரு பிரச்சினையோடு அதைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.