தவறு செய்யும் உரிமை

சிங்கப்பூரின் பொருளியல் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்திற்குள் மூன்று பெயர்கள் வந்துவிடும்: கோ கெங் சுவீ, ஹோன் சுய் சென், ஆல்பர்ட் வின்சிமியஸ். மூவரும் சேர்ந்து சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை கட்டினார்கள், வெளிநாட்டு நிறுவனங்களைக் கூட்டிவந்தார்கள், வேலையில்லாத் திண்டாட்டம் ஓடிப்போனது. பள்ளிக்கூடத்தில் நாம் கேட்டது ஏறக்குறைய இந்தக் கதைதான். கதை பொய் இல்லை. ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்தத் தலைமைக் குழு பலமுறை தவறியது. தவறிய பிறகும் அதற்கு அடுத்த வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் சுவாரசியமான பகுதி அந்த அடுத்த வாய்ப்புதான். அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

முதலில் குழுவைப் பார்த்துவிடலாம்.

1960 அக்டோபரில் ஐக்கிய நாட்டு நிறுவனம் அனுப்பிய ஒரு குழு சிங்கப்பூர் வந்து இறங்கியது. தலைவர் வின்சிமியஸ், நெதர்லாந்துக்காரர். செயலாளர் டாங் ஐ-ஃபாங், சீனாவில் பிறந்தவர். தீவின் மக்கள்தொகை அப்போது 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. துறைமுக வணிகத்தை மட்டும் நம்பி அத்தனை பேருக்கும் சோறு போட முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. குழு தந்த அறிக்கையின் அடிப்படையில் 1961 ஆகஸ்ட் 1ஆம் தேதி பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

நிதியமைச்சர் கோ கெங் சுவீ மலாக்காவில் பிறந்தவர். கழகத்தின் முதல் தலைவர் ஹோன் சுய் சென் பினாங்குக்காரர், காலனி அரசின் நிர்வாகச் சேவையில் பழம் தின்று கொட்டை போட்டவர். டாங், ஐநா வேலை முடிந்தும் தங்கிவிட்டார், பின்னர் கழகத்தின் தலைவரும் ஆனார். அதே 1961இல் அரசுப் பணிக்கு வந்த இன்னொருவர் ஜே.ஒய். பிள்ளை, கிள்ளானில் பிறந்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்தவர். பின்னாளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கழகத்திலேயே தொடக்கத்திலிருந்து வேலை பார்த்த தமிழர் எஸ். தனபாலன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வயது இருபதுகளின் நடுவில். நம்மில் பலர் இந்த வயதில் முதல் வேலையில் இன்னும் மின்னஞ்சல் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

மலாக்கா, பினாங்கு, கிள்ளான், சீனா, நெதர்லாந்து என்று இவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்கள். 'சிங்கப்பூர் மாடல்' என்று இன்று நாம் சொல்வதை உருவாக்கியவர்களுக்கு அப்படி ஒரு மாடல் கைவசம் இருக்கவில்லை. செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. முதல் பெரிய கணக்கு மலாயாவோடு இணைவது. இணைந்தால் பொதுச் சந்தை வரும், உள்ளூர்த் தொழிற்சாலைகள் அந்தச் சந்தைக்காகத் தயாரிக்கும். 1963இல் இணைந்தோம், 1965இல் பிரிந்தோம். பொதுச் சந்தை வரவே இல்லை. எந்தச் சந்தையை நம்பித் திட்டம் போட்டார்களோ அது கையை விட்டுப் போனது.

ஜூரோங் இன்னொரு சூதாட்டம். குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். சாலை போட்டார்கள், மின்சாரம் கொண்டுவந்தார்கள். முதல் சில ஆண்டுகள் ஆலைகள் மெதுவாகத்தான் வந்தன. திட்டம் தோற்றால் 'கோவின் மடத்தனம்' என்று வரலாறு சொல்லும் என்று கோ கெங் சுவீயே சொன்னதாகச் சொல்வார்கள். கழகம் தானே பணம் போட்ட சில தொழில்கள் உண்மையிலேயே தோற்றன. பழைய தாளை மறுசுழற்சி செய்யும் ஆலையில் நட்டம். பீங்கான் ஆலையிலும் நட்டம், அதற்கான தொழில்நுட்பம் இவர்கள் கையில் இல்லை. லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் இவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இதற்காக யாருடைய தலையும் உருளவில்லை. குழு பாடம் கற்றது: தெரியாத தொழிலை நாமே நடத்த வேண்டாம், தெரிந்தவர்களைக் கூட்டிவருவோம். அப்படித்தான் கண்கள் அமெரிக்க மின்னணு நிறுவனங்களின் பக்கம் திரும்பின. 1967இல் ஏற்றுமதி லாபத்துக்கான வரியை 40 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே ஆலை போட முடிவு செய்தது. முடிவெடுத்த ஐம்பது நாளில் உற்பத்தி தொடங்கிவிட்டதாகச் சொல்வார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஹியூலெட் பேக்கார்ட் கதை. அந்த நிறுவனம் ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் மேல் இரண்டு தளங்களை எடுக்க இருந்தது. நிறுவனர் ஹியூலெட் நேரில் பார்க்க வருகிறார். லிஃப்டுக்கான மின்மாற்றி தயாராகவில்லை. அவரை ஆறு மாடி ஏற வைப்பதா? கழகத்தின் ஆட்கள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தடித்த ஒரு மின்கம்பியை இழுத்து வந்து இணைத்தார்கள். அவர் வந்த அன்று லிஃப்ட் ஓடியது. பொறியியல் படித்தவனுக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். இது நிரந்தரத் தீர்வு இல்லை என்று தெரிந்தே, இன்றைக்கு ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை.

இதுவரை சொன்னது அறைக்குள் நடந்தது. அறைக்கு வெளியே என்ன நடந்தது?

கழகம் தொடங்குவதற்கு முந்தைய மாதமான 1961 ஜூலையிலிருந்து 1962 செப்டம்பர் வரை சிங்கப்பூரில் 153 வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆலைகளைக் கூப்பிட வேண்டுமானால் தொழிலாளர் அமைதி வேண்டும் என்று தலைமை நினைத்தது. நிலம், வரிச்சலுகை, துறைமுகம் ஆகியவற்றோடு முதலீட்டாளரிடம் விற்க வேண்டிய இன்னொரு சரக்கு அந்த அமைதி.

1967 பிப்ரவரி 1ஆம் தேதி துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2,400 பேர். நாட்கூலிக்காரர்கள். நகரின் தெருக்களைக் கூட்டிய, சாக்கடைகளைத் தள்ளிய இந்த வேலையில் காலனி காலம் தொட்டே நம் ஆட்கள் நிறைய. அவர்களுடைய கூட்டமைப்பின் தலைவர் கே. சுப்பையா. அரசு இந்த வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்றது. சுப்பையாவும் இன்னும் 14 தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். சங்கத்தின் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் தாங்களே வேலையை விட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வேண்டுமானால் மறுநாள் புதிதாக விண்ணப்பிக்கலாம். பத்தில் ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? மாதக் கடைசியில் அரிசி வாங்க வேண்டுமே.

மறு ஆண்டு ஆகஸ்டில் வேலை நியமனச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 44 மணி நேரம். பொது விடுமுறை 11 நாள். வேலைக்கு எடுப்பது, நீக்குவது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது ஆகிய எதைப் பற்றியும் சங்கங்கள் பேரம் பேச முடியாது என்று கூடவே இன்னொரு திருத்தமும் வந்தது. 1969இல் சிங்கப்பூரில் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நானும் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை 1971க்குள் மூடப்போவதாக அறிவித்தது. தளங்களின் செலவு நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நேரடியாகவும் மறைமுகமாகவும் 70,000 வேலைகள் அவற்றை நம்பியிருந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் தலைமுறையாக வேலை பார்த்து வந்தார்கள். குடியுரிமை இல்லாத பலர் கப்பல் ஏறி ஊர் திரும்பினார்கள். தளங்களை வேறு பயனுக்கு மாற்றும் பொறுப்பு ஹோன் சுய் சென்னிடம் வந்தது. கடற்படையின் கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல் தளமாக மாறியது. ஆலைகள் அவ்வளவு வேகமாக வந்திருக்காவிட்டால் அந்த எழுபதாயிரம் பேரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. டெக்சஸ் ஆலையின் உற்பத்தி வரிசையில் உட்கார்ந்த பெண்களுக்கு அது கையில் சம்பளம் பார்த்த முதல் வேலையாக இருந்திருக்கலாம். அந்தச் சம்பளத்தில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த இதழைப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள்.

ஆகவே குழு செய்தது சரியா தவறா என்று தீர்ப்பு எழுதுவது எளிதான வேலை இல்லை. என்னை உறுத்துவது வேறு. ஆலையில் புதிய இயந்திரத்தை நிறுவினால் முதலில் சோதனை ஓட்டம் விடுவோம். எங்கே உடையும் என்று பார்க்கத்தான் அது. உடைந்தால் யாரையும் திட்டுவதில்லை, அளவை மாற்றி மறுபடி ஓட்டுவோம். கழகத்தின் தலைவர்களுக்கு நாடு இப்படி ஒரு சோதனை ஓட்டத்தைத் தந்தது. பொதுச் சந்தை வரவில்லையா, ஏற்றுமதிக்கு மாறு. பீங்கான் ஆலை தோற்றதா, அடுத்ததைப் பார். ஹோன் 1968இல் புதிதாகத் தொடங்கிய டிபிஎஸ் வங்கியின் தலைவரானார், 1970இல் நிதியமைச்சர். தனபாலனும் அதே வங்கிக்குப் போனார், பிறகு வெளியுறவு அமைச்சரானார். எல்லாம் உழைத்துப் பெற்றவை, சந்தேகமே இல்லை. துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்தச் சோதனை ஓட்டம் கிடைக்கவில்லை. ஒரே ஒருமுறை கணக்குத் தவறியது, அவ்வளவுதான். மறுபடி ஓட்டிப் பார்க்க அங்கே இயந்திரமே மிஞ்சவில்லை.

இது 1967ஓடு முடிந்துபோன விஷயம் என்றும் சொல்ல முடியாது. 1979இல் தலைமை இன்னொரு பெரிய முடிவு எடுத்தது. மலிவான கூலியை நம்பும் ஆலைகளை வெளியேற்றி உயர்தொழில்நுட்பத்துக்கு மாற வேண்டும், அதற்காகச் சம்பளத்தை வேகமாக உயர்த்த வேண்டும். நோக்கம் நல்லது. தொழிலாளிக்கும் சில ஆண்டுகள் கை நிறையக் காசு. ஆனால் செலவு உற்பத்தித்திறனைத் தாண்டி ஓடியது. 1985இல் பொருளியல் சுருங்கியது. உயர்ந்த செலவும் ஒரு காரணம் என்று அரசு அமைத்த பொருளியல் குழுவே ஒப்புக்கொண்டது. தீர்வு என்ன? முதலாளிகள் மத்திய சேம நிதிக்குச் செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. மேலே போட்ட கணக்கு பிசகியது. திருத்தம் தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வந்தது. பொருளியல் மீண்டது உண்மை. விலை கொடுத்தது யார் என்பதும் உண்மை.

கழகத்தில் வேலை பார்த்தவர்கள் தங்கள் நினைவுகளைத் தொகுத்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இதுபோன்ற நூல்களில் அவர்களுடைய தயக்கம், பயம், சறுக்கல் எல்லாம் கிடைக்கின்றன. அதனால்தான் ஹோனும் டாங்கும் நமக்கு மனிதர்களாகத் தெரிகிறார்கள். நான் படித்த பொருளியல் வரலாறுகளில் துப்புரவுத் தொழிலாளர்கள் ஓர் எண்ணாகத்தான் வருகிறார்கள்: 2,400. பிப்ரவரி 2ஆம் தேதி விடியற்காலையில் விண்ணப்பத் தாளை வாங்க வரிசையில் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? விண்ணப்பிக்காத அந்தப் பத்தில் ஒருவர் எங்கே போனார்? அவர்களில் இளையவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நம் தேக்கா காப்பிக்கடைகளிலும் கோயில் திண்ணைகளிலும் அந்த வயதில் தாத்தாக்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, 'தாத்தா, அறுபத்தேழுல நீங்க எங்க வேலை பார்த்தீங்க?' என்று கேட்க ஒரு கழகமும் பத்துக் கோடி வெள்ளியும் தேவையில்லை.