படவில்லையில் சான்று காட்டல்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பின் இடத்தைப் பவர்பாயிண்ட் காட்சி பெரிதும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனால் கட்டுரைக்கு நாம் வேண்டும் சான்று ஒழுங்கைப் படவில்லைக்கு வேண்டுவதில்லை. அச்சில் அடிக்குறிப்பின்றி ஒரு மேற்கோளும் தராதவர்கள்கூடத் திரையில் படத்தின் கீழ் ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிட்டு நகர்கிறார்கள், அல்லது துணைநூற்பட்டியலைக் கடைசியில் ஒரு கணம் காட்டி முடிக்கிறார்கள். கூற்று எந்தப் படவில்லையில் உள்ளதோ அதிலேயே, சரிபார்க்கத்தக்க வடிவில் சான்றும் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழர் கால ஊராட்சி பற்றிய உரைகளில் தவறாமல் வரும் குடவோலை முறையை எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் படம். அருகே ஊர்ச் சபையின் குழுக்களுக்குத் தேர்வாக வேண்டிய தகுதிகளாக நிலம், சொந்த மனை, கல்வி, வயது எனப் பட்டியல். கீழே ‘உத்திரமேரூர்க் கல்வெட்டு’ என்ற ஒரே சொற்றொடர். ஒருவரின் படவில்லையில் வயது 30 முதல் 60 வரை. இன்னொருவரின் படவில்லையில் 35 முதல் 70 வரை. அவையோர் யாரை நம்புவது?

இருவர் சொல்வதும் சரி. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (919) முதல் வரம்பையும், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (921) இரண்டாம் வரம்பையும் தருகின்றன. இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதிகளைத் திருத்தியிருக்கிறது. ஏன் திருத்தியது, முந்தைய ஏற்பாட்டில் என்ன குறை கண்டது என்பவையே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள். இரு கல்வெட்டுகளையும் ஒரே பெயரில் அடக்கும் படவில்லை அக்கேள்விகளை எழவே விடுவதில்லை. ஆக, இங்கே ஆட்சியாண்டைக் குறிப்பிடுவது வெறும் மரியாதைக் குறிப்பு அன்று. ஆய்வுப் பொருளின் ஒரு பகுதி.

‘கல்வெட்டு கூறுகிறது’ என்ற தொடரிலும் சிக்கல் உண்டு. கல்லில் உள்ள பாடம் ஒன்று. அதைப் படித்து வெளியிட்டவரின் வாசிப்பு இன்னொன்று. அதற்கு வரலாற்றாசிரியர் தரும் விளக்கம் வேறொன்று. இக்கல்வெட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா விரிவாக ஆராய்ந்தார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி பின்னர் விளக்கம் எழுதினார். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (பிரிவுகளிலிருந்தும்) பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பது பாடம் தரும் செய்தி. அதை ‘மக்களாட்சித் தேர்தல்’ என்பது விளக்கம். பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்க்குக் கொடையளித்த ஊரின், சபையில், நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்குள் நடந்த திருவுளச்சீட்டு அது என்பதை நினைத்தால், அவ்விளக்கம் யாருடையது என்று சொல்லியாக வேண்டும்.

படவில்லையிலேயே சான்று தர வேண்டும் என்பதற்கு எதிராக இரண்டு வாதங்கள் கேட்கின்றன. முதலாவது, சான்றுக் குறிப்பு திரையை அடைத்துவிடும் என்பது. ‘பராந்தகன் 14ஆம் ஆட்சியாண்டு, 921, வெங்கையா, 1904–05’ என்ற குறிப்புக்கு அடியில் ஒரு வரி போதும். பக்க எண் உள்ளிட்ட முழு விவரத்தை அவையோருக்குத் தரும் அச்சுப்படியில் சேர்க்கலாம். அந்த ஒரு வரிக்கும் இடமில்லையென்றால், அந்தப் படவில்லையில் கூற்றுகள் மிகுந்துவிட்டன என்று பொருள்.

இரண்டாவது, பேச்சாளர் வாயால் சொன்னால் போதாதா என்பது. அரங்கில் அது போதலாம். ஆனால் இன்று அவையோர் கைபேசியில் படமெடுக்கிறார்கள். அந்த ஒற்றைப் படவில்லை வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அடுத்தவர் உரைக்கும் போய்ச் சேர்கிறது. பேச்சு உடன் போவதில்லை. கட்டுரை வாசகர் பக்கத்தைப் புரட்டி அடிக்குறிப்பைத் தேடலாம். தனித்துச் சுற்றும் படவில்லையைப் பெற்றவருக்கு அந்த வழியும் இல்லை.

படங்களுக்கு இந்த நெறி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். தேடுபொறி படத்தைக் கண்டெடுத்துத் தருகிறதே ஒழிய, படத்தை எடுத்தது அது அன்று. கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர்சுட்டும் உரிமங்களில் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பது பயன்பாட்டுக்கான நிபந்தனை. மேலும், கோயிற்சுவரின் எப்பகுதி, எந்தக் கல்வெட்டு என்று சொல்லாத படம் அலங்காரமாக நிற்குமே தவிரச் சான்றாகாது.

கருத்தரங்க அமைப்பாளர்கள் கட்டுரைச் சுருக்கத்துக்கு விதி வகுப்பதுபோல், கூற்றுள்ள ஒவ்வொரு படவில்லையிலும் ஒரு சான்று வரி என்ற விதியையும் அழைப்பிலேயே சேர்க்கலாம். பாடம் எது, விளக்கம் எது என்று பிரித்துக் காட்டுமாறும் கேட்கலாம். அதைச் செய்தால், வயது வரம்பில் முரண்படும் இரு உரைகளைக் கேட்டவர் குழம்ப வேண்டியதில்லை; சபை ஏன் விதியைத் திருத்தியது என்ற விவாதத்தை அங்கேயே தொடங்கலாம்.