164 மீட்டர் குன்றிலிருந்து எவரெஸ்டுக்கு

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கை மேடு புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்கி நடந்தால், பசியாறுவதற்குள் உச்சிக்குப் போய்த் திரும்பிவிடலாம். இந்த ஊரிலிருந்துதான் ஆறு பெண்கள் எவரெஸ்டுக்குப் புறப்பட்டார்கள்.

சிங்கப்பூர் மகளிர் எவரெஸ்ட் அணி 2004இல் உருவானது. உச்சியைத் தொட ஐந்து ஆண்டுகள் பிடித்தன. பனிமலை இல்லாத குறைக்கு அடுக்குமாடிப் புளோக்குகளின் படிக்கட்டுகளே அவர்களுக்குப் பயிற்சிக் களமாயின. முதுகில் சுமையோடு ஏறி இறங்கி, மறுபடி ஏறினார்கள்.

படிக்கட்டு காலுக்கு வலுவூட்டும். நுரையீரலை மலைக்குப் பழக்காது. எவரெஸ்ட் உச்சியில் (8,848.86 மீட்டர்) காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உடல் அதற்குப் பழக, வாரக்கணக்கில் மலையிலேயே ஏறி இறங்கித் தங்க வேண்டும். மொத்தம் இரண்டு மாதம் ஆகும். வேலைக்குப் போகும் பெண் அத்தனை நாள் விடுப்புக் கேட்டால் எந்த முதலாளி உடனே தலையாட்டுவார்? செலவும் லேசில்லை. நேப்பாள அரசின் உரிமக் கட்டணம் மட்டுமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 அமெரிக்க டாலர்.

2009 மே 20ஆம் தேதி ஜேன் லீ, லீ லி ஹுய், எஸ்தர் டான் மூவரும் உச்சியில் நின்றார்கள். இரண்டு நாள் கழித்து ஜோயேன் சூ, லீ பே கீ இருவரும் ஏறினர். ஆறாமவரான சிம் யி ஹுய்க்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. படத்தில் ஐவர்தான் இருக்கிறார்கள் என்றாலும், ஆறு பேர் அணி என்று சொல்வதுதான் நியாயம். அணித் தலைவி ஜேன் லீ பின்னர் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்தார்.

நம்மவர்களுக்கும் இந்த மலை அந்நியமல்ல. எவரெஸ்டில் ஏறிய முதல் மலேசியர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரு தமிழர்கள். அது 1997 மே 23. சிங்கப்பூர் மருத்துவர் குமரன் ராசப்பன் 2012இல் ஏறினார். பெண்கள் வரிசையில் தமிழ்நாட்டின் முத்தமிழ்ச்செல்வி இருக்கிறார். விருதுநகர் மாவட்டத்தவர், இரு பிள்ளைகளின் தாய், ஜப்பானிய மொழி ஆசிரியை. அவர் உச்சி தொட்டதும் மே 23தான், 2023ஆம் ஆண்டில். இந்தியாவின் பச்சேந்திரி பால் ஏறியதும் அதே தேதி, 1984இல்! பருவமழைக்கு முன் உச்சிக்காற்று சற்று ஓயும் சில நாள்கள் பெரும்பாலும் மே மாதப் பின்பாதியில்தான் அமைகின்றன. அதைத் தவறவிட்டால் ஏறும் ஆசையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதுதான்.