பிங்குயிகுலா: ஒரே ஒரு இலை போதும்

பூச்சி தின்னும் செடி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நெபந்தஸும் ட்ரோசிராவும்தான். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அதே கூட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று பிங்குயிகுலா. ஆங்கிலத்தில் பட்டர்வொர்ட் என்பார்கள். பார்க்க ரொம்ப சாதுவான செடி. தரையோடு படர்ந்த இலைகள், நடுவில் ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரு பூ. ஆனால் இலை முழுக்கப் பிசுபிசுப்பு. அதில் உட்காரும் சின்னப் பூச்சி மறுபடி எழுந்திருக்காது!

1561-இல் இதற்குப் பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர். லத்தீனில் 'பிங்குயிஸ்' என்றால் கொழுப்பு. லாப்லாந்து மக்கள் இந்த இலையைக் கொண்டு பாலைத் தோய்த்ததை லின்னேயஸ் 1737-இல் எழுதி வைத்தார். நாம் மோர் ஊற்றுகிற இடத்தில் அவர்கள் இலையைப் போட்டிருக்கிறார்கள். 1753-இல் அவர் பட்டியலிட்டவை 4 சிற்றினங்கள்தான். இன்று சுமார் 100.

இலையில் பூச்சிகள் ஒட்டியிருப்பதை மார்ஷல் என்பவர் சொல்ல, 1874-இல் டார்வின் ஆராயத் தொடங்கினார். வேல்ஸிலிருந்து ஒரு நண்பர் 39 இலைகளை அனுப்பினார். அவற்றில் 32 இலைகளில் மட்டும் 142 பூச்சிகள்! இறைச்சியும் முட்டையின் வெள்ளைக்கருவும் வைத்துப் பார்த்து, இலை செரிக்கிறது என்று 1875-இல் புத்தகமாகவே எழுதினார்.

சரி, வீட்டில் வளர்க்கும் கதைக்கு வருவோம். ஐரோப்பாவின் குளிர்ப்பகுதிச் செடிகள் குளிர்காலத்தில் மொட்டாகச் சுருங்கித் தூங்கும். அந்தக் குளிர் இல்லாத அறையில் பிழைப்பது கஷ்டம். நம் இமயமலையில் உள்ள பிங்குயிகுலா ஆல்பினாவும் இந்த வகைதான். ஜன்னலோரத்துக்கு ஏற்ற செடிகள் மெக்சிகோவில் இருந்தன. ஹம்போல்ட்டும் போன்பிளாண்டும் அங்கே சேகரித்த மொரனென்சிஸ் 1817-இல் விவரிக்கப்பட்டது. 1966-இல் காஸ்பர் என்ற ஜெர்மானியர் இந்தப் பேரினம் முழுவதையும் ஒரே நூலில் தொகுத்தார். அதன் பிறகும் மெக்சிகோவிலிருந்து எஸ்ஸெரியானா (1981), எலெர்சியே (1982) என்று புதியவை வந்துகொண்டே இருந்தன.

இங்கேதான் சிக்கல். மெக்சிகோவின் பல சிற்றினங்கள் ஏதோ ஒரு மலையில், சில பாறைச் சரிவுகளில் மட்டும் இருப்பவை. அரிய செடி என்றால் ஆசை வரும். ஆசைப்பட்ட நாலு பேர் வேரோடு பிடுங்கினால் அந்தச் சரிவே காலியாகிவிடும்.

ஆனால் இதற்கு வழியும் அந்தச் செடியிடமே இருக்கிறது. நம்ம ரணகள்ளி இலை முளைக்குமே, அது மாதிரி! வறண்ட காலத்தில் வரும் தடித்த குட்டி இலையை அடியோடு கழற்றி ஈர மணலில் வைத்தால், சில வாரங்களில் அடிப்பக்கத்தில் குட்டிச்செடி வரும். தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆகாது. 1972-இல் தொடங்கிய சர்வதேச பூச்சியுண்ணும் தாவரச் சங்கம் போன்றவற்றால் வளர்ப்பவர்களுக்குள் தொடர்பு உண்டானது. இலையும் விதையும் கைமாறின.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இலையில் முளைப்பது தாயின் நகல். ஆயிரம் தொட்டிகளில் இருந்தாலும் மரபளவில் அது ஒரே செடிதான். காட்டில் உள்ள வேறுபாடு அதில் கிடைக்காது. புளோரிடாவின் அயனாந்தா 1993-இல் அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. அதைக் காப்பாற்ற அந்த ஈர நிலத்தைத்தான் காக்க வேண்டும், தொட்டி போதாது.

ஆகவே நண்பர்களே, யாராவது இந்தச் செடியை விற்றால் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இலையில் முளைத்ததா, மலையில் பிடுங்கியதா?