எம்டன் குண்டும் இமாம் ஷைபானியின் ஏடும்

சூழ்ச்சி மிக்க ஒருவனை 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அச்சொல் எந்த அகராதியிலிருந்தும் வந்ததன்று, கடலிலிருந்து வந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்திற்கு நேரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்து, அரைமணி நேரத்திற்குள் இருளில் மறைந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகப் பகுதியில் சிலர் மாண்டனர். மறுநாள் முதல் பல்லாயிரம் மக்கள் நகரை விட்டு ஓடினர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரின் மீது அதன் நினைவுக் கல்வெட்டு இன்றும் காணப்படுகிறது. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் எனக் கூறுவாரும் உளர். அதற்குச் சான்று இல்லை. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் கதையாகச் சொல்வர். அந்தக் குண்டுவீச்சு சட்டப்படி சரியா, தவறா என்று கேட்டாரை நாம் கண்டதில்லை, நம் தம்பி மகள் கேட்கும் வரை.

அவள் தரமணி இரயில் நிலையத்தை அடுத்துள்ள, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீர்மிகு சட்டப் பள்ளியில் பயில்கிறாள். 2002இல் தொடங்கப்பெற்ற பள்ளி அது. அவ்வூரில் கற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. பழந்தமிழ் அச்சு நூல்களைப் பேணும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கேதான் உள்ளது. போரில் துயருறுவோரைப் பற்றி நன்கு எழுதும் செய்தியாளர்க்குச் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவுடன் சேர்ந்து பரிசளித்து வந்த இந்தியப் பத்திரிகைக் கழகமும் அங்கேதான் உள்ளது. நாம் எம்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் குறுக்கிட்டு, "பெரியத்தா, 1907 ஹேக் ஒப்பந்தப்படி அது குற்றமாகுமா?" என்றாள்.

அவளே விடையும் கூறினாள். காவலற்ற துறைமுகங்களைக் கப்பற்படை தாக்கலாகாது என்பது அவ்வாண்டின் ஒன்பதாம் ஹேக் ஒப்பந்தத்தின் விதி. எனினும், பகைவரின் படைக்குப் பயன்படக்கூடிய கிடங்குகளும் பட்டறைகளும் அவ்விலக்கில் அடங்கா. சென்னையோ பீரங்கி வைத்துக் காக்கப்பட்ட நகரம். எண்ணெயோ போருக்குதவும் பொருள். ஆகவே எம்டன் மீது குற்றஞ்சாட்டுவது எளிதன்று. இன்னும் சொல்லப்போனால், அதன் தலைவர் கார்ல் வான் முல்லர், தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிய பின்னரே அக்கப்பல்களை மூழ்கடித்து வந்தார். நம்மவர் பெரிதும் வணிகம் செய்த பினாங்குத் துறைக்குள் அதே ஆண்டு அக்டோபர் 28இல் பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு நுழைந்தார். ஆயின் சுடுமுன் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். மாற்றுருவில் அணுகலாம், மாற்றுக் கொடியின் கீழ்ச் சுடலாகாது என்பது கடற்போர்ச் சட்டம். (எம்டன் அழிந்தபின், கரையில் இறங்கியிருந்த அதன் வீரர் சிலர் 'ஆயிஷா' என்னும் பெயருடைய பாய்க்கப்பலில் தப்பி, பின் வேறு கப்பல் ஏறி யமன் சென்று, ஹிஜாஸ் இரயில் பாதை வழியாக இஸ்தான்புல் சேர்ந்தது தனிக் கதை.)

அவளது பாடநூலை வாங்கிப் புரட்டினோம். 1859இல் சால்ஃபரினோப் போர்க்களத்தில் ஹென்றி டூனாண்ட் கண்ட கோரக் காட்சி. 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம். 1949இல் நான்கு ஒப்பந்தங்கள். அதற்கு முன்னோடியாக, 1625இல் நூலெழுதிய டச்சு அறிஞர் குரோஷியஸ். அதற்கும் முன்னால் வெற்றிடம்!

அந்த வெற்றிடத்தைக் கண்டு சினந்தோம் என்பது உண்மை. ஆனால் அன்றிரவு சிந்தித்தபோது சினம் நம் மீதே திரும்பிற்று. நாம் மதரஸாவில் 'ஹிதாயா' ஓதியபோது 'கிதாபுஸ் ஸியர்' என்னும் பகுதியை எவ்வாறு ஓதினோம்? தொழுகைப் பகுதியில் ஒரு சொல்லுக்கு ஒரு நாள் செலவிட்ட ஆசிரியர், ஸியரில் பக்கம் பக்கமாகத் தாவினார். 'இன்று நமக்கு இது தேவையில்லை' என்றார். நாமும் பிற்காலத்தில் நம் மாணவர்க்கு அதையே சொன்னோம்.

ஸியர் என்பது பிற நாட்டாரோடு போரிலும் அமைதியிலும் நடந்துகொள்ளும் முறை பற்றிய சட்டக் கலை. ஷாம் நாட்டு இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்களும், அவர்களை மறுத்து எழுதிய இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களும் அதில் நூல் செய்தனர். எனினும் அதை விரித்துரைத்தவர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் ரக்கா நகரின் காழியுமாயிருந்த இமாம் முஹம்மத் இப்னு ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களே. ஹிஜ்ரி 189இல், அதாவது கி.பி. 805இல் மறைந்தார்கள். குரோஷியஸின் நூலுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது அவர்களின் 'அஸ்ஸியருல் கபீர்'. அறுபது பாகமாக எழுதப்பெற்று வண்டியில் ஏற்றிக் கலீஃபாவின் வாயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டதாம் அந்நூல். அதற்கு உரை கண்ட இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் அவ்வாறு கூறுகின்றார்கள். அவ்வுரையின் பெரும்பகுதியை அவர்கள் சொல்லி எழுதுவித்தது உஸ்ஜந்துச் சிறையிலிருந்து! மூலநூல் தனியே கிடைக்கவில்லை. உரையின் வழியாகவே எஞ்சியுள்ளது. அவ்வுரையை 1335ஆம் ஹிஜ்ரியை ஒட்டி நான்கு பாகங்களாக அச்சேற்றியது நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப். அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவரும் ஹைதராபாத்துக்காரரே: உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் (1908–2002).

இங்கே நாம் அளவு கடந்து பெருமை பேசலாகாது. பெண்டிர், சிறார், முதியோர், மடங்களில் ஒதுங்கி வாழும் துறவியர் ஆகியோரைக் கொல்லலாகாது என்பதில் இமாம்கள் ஒன்றுபடுவர் என்று மேடையில் முழங்குவது எளிது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைக் கண்டு வெறுத்ததும், அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் சென்ற படைக்குக் கனிமரங்களை வெட்டலாகாது எனக் கட்டளையிட்டதும் யாவரும் அறிந்தவை. ஆனால் சட்ட நூலுக்குள் நுழைந்தால் வழக்குகள் உண்டு. மரம் வெட்டுதலை அவ்ஸாயீ (ரஹ்) முற்றும் விலக்க, ஹனஃபி இமாம்கள் பனூ நழீர் முற்றுகையைச் சான்று காட்டி இசைவளித்தனர். கோட்டைக்குள் சிறார் இருப்பினும், குறி போர்வீரர் மீதிருப்பின் தாக்கலாம் என்றனர். கைதிகளை அடிமையாக்கும் விதிகளும் அந்நூலில் உள்ளன. இன்று எந்த முஸ்லிம் நாடும் அதை ஏற்பதில்லை. இவற்றை மறைத்து, 'ஜெனீவா முழுவதும் நம்மிடம் முன்பே இருந்தது' என்பது ஷைபானீ இமாமுக்குச் செய்யும் மரியாதையன்று. ஒரு செயலுக்கு வரம்பு உண்டா என்று கேட்டு, சான்று தேடி, எதிர்க்கட்சியையும் பதிவு செய்து தீர்ப்புக் கூறினார்களே, அதுவே அவர்களின் பெருமை. வரம்பு தேடும் இவ்வுணர்வு தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுற்றோரும் மகப்பெறாதோரும் அரண் தேடிக்கொள்ள அறிவிப்புக் கொடுத்த பிறகே போர் தொடங்கும் முறையைப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியிடம் கண்டு நெட்டிமையார் புகழ்ந்தது புறநானூற்றில் உள்ளது.

நம் நாடு 1949 ஒப்பந்தங்களை 1950இல் ஏற்றது. அவற்றுக்கென 1960இல் சட்டமும் இயற்றிற்று. செஞ்சிலுவையையும் செம்பிறையையும் உரிமையின்றிப் பயன்படுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது அச்சட்டம். சென்னை வீதிகளில் எத்தனை மருந்துக் கடைப் பலகைகளில் செஞ்சிலுவை உள்ளது என எண்ணிப் பார்க்க! செம்பிறைக்கு நம்மோடு நெருங்கிய உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் அன்ஸாரி 1912ஆம் ஆண்டின் இறுதியில் பால்கன் போரில் காயமுற்றோர்க்கு மருந்திட இந்திய மருத்துவக் குழுவைத் துருக்கிக்கு நடத்திச் சென்றார்.

தம்பி மகளின் அடுத்த வினாதான் நம்மை உறங்கவிடவில்லை. "அரசுகள் கையொப்பமிட்டன, கிளர்ச்சிப் படையை எந்தச் சட்டம் கட்டும்?"

நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாம் விதி, உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரையும் கட்டும். ஸியர் நூல்களில் 'புஙாத்', அதாவது கிளர்ச்சியாளர் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. ஜமல் போரில் அலீ (ரலி) அவர்கள், புறமுதுகிட்டோரைத் துரத்தவோ, காயமுற்றோரைக் கொல்லவோ, பொருளைப் பறிக்கவோ கூடாதெனத் தம் படைக்கு ஆணையிட்டதிலிருந்து அவ்வத்தியாயம் பிறந்தது. கிளர்ந்தெழுந்தவனும் சட்டத்திற்கு வெளியே தள்ளப்படவில்லை.

விதி இருந்தது. ஆயினும் 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் பொறுப்பை மறுத்தனர். உயிர் பிழைத்தோர் அவர்களையே குற்றஞ்சாட்டினர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தார்க்கு அளித்த அவகாசம் இரண்டு மணி நேரம். 2009இல் முள்ளிவாய்க்காலில், தாக்குதல் நிகழாப் பகுதி என இலங்கை அரசே அறிவித்த இடங்களில் அரசுப் படையின் குண்டுகள் விழுந்ததை ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதிற்று. காத்தான்குடிக்கு மட்டும் அழுபவரையும், முள்ளிவாய்க்காலுக்கு மட்டும் அழுபவரையும் நாம் கண்டிருக்கிறோம். சட்டம் படித்தவன் அவ்வாறு அழ இயலாது. காரணம், இரண்டிலும் மீறப்பட்ட விதியின் எண் ஒன்றே.

இப்போது ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அவள் வருகிறாள். ஹைதராபாத் பதிப்பின் படியை நாம் வாசித்துப் பொருள் கூற, அவள் தன் பாடநூலில் இணையான விதியைத் தேடி ஓரத்தில் குறிக்கிறாள். அடைக்கலம் அளித்தல் பற்றிய பகுதியில் இருக்கிறோம். படையில் சாதாரண வீரன் ஒருவன் பகைவனுக்குத் தந்த அடைக்கலம் முழுப் படையையும் கட்டுமா என்பது சென்ற வார வினா. 'கட்டும்' என்கிறார் ஷைபானீ இமாம். அவளது நூலில் அதற்கிணையான விதி இன்னும் அகப்படவில்லை, தேடிக்கொண்டிருக்கிறாள்.