மூச்சடக்கி மூழ்குதல்

மூச்சடக்கி மூழ்குதல் என்பது காற்றுக் கலன் எதுவுமின்றி, நீர்மட்டத்தில் இழுத்த ஒரே மூச்சுடன் நீருக்கடியில் செல்லுதல் ஆகும். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தோர் நெடுங்காலம் இம்முறையையே பின்பற்றினர். முத்துக்குளிப்போர் கல்லின் எடையால் விரைந்து இறங்குவர். படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் சைகை கிடைத்ததும் மேலே இழுப்பார். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடைபெற்றது.

ஆபத்து

நீருக்குள் நினைவிழத்தலே இதன் முதன்மையான ஆபத்து. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிசன் குறைவு அன்று. குருதியில் சேரும் கார்பன் டை ஆக்சைடே ஆகும். மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டால் இவ்வளிமம் வெளியேறிவிடும். ஆக்சிசன் இருப்போ அவ்வளவாகக் கூடுவதில்லை. எனவே மூச்சுத் தவிப்பு தோன்றுமுன்பே நினைவு தப்பலாம். நீச்சற்குளத்திலும் இது நேரும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இருமடங்காகும். மேலேறும்போது அது குறைவதால், நுரையீரலிலுள்ள ஆக்சிசனின் பகுதியழுத்தமும் சரிகிறது. ஆதலால் பலர் மயங்குவது அடியிலன்று. நீர்மட்டத்தை நெருங்கும்போதும், வெளிவந்த சில நொடிகளிலுமே.

மூழ்குக் கணினி

கைக்கடிகாரம் போல் அணியப்படும் இக்கருவி ஆழம், மூழ்கிய நேரம், இடை ஓய்வு ஆகியவற்றைக் காட்டும். குருதியிலுள்ள ஆக்சிசனை அது அளப்பதில்லை. மயங்கியவரை மேலே தூக்குவதுமில்லை. அவ்வகையில் பழைய படகில் கயிறு பிடித்தவருக்கு அது ஈடாகாது. இக்காலத்தில் இருவர் மாறிமாறி மூழ்குவர். மேலே இருப்பவர், மூழ்கியவர் வெளிவந்து மூச்சு சீராகும் வரை அவரைக் கண்காணிப்பார்.