பிரேக் இன்ஸ்பெக்டரும் பதினைந்து வயசுக் காரும்

2024-ல் ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், உங்க காரு பாஸாயிருச்சு. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, வண்டியை நல்லா வச்சிருக்கீங்களேன்னு சொன்னாரு."

சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை.

2009-ல் மதுரையில் வாங்கிய பெட்ரோல் கார் அது. டெல்லிக்கு மாற்றலானபோது கூடவே வந்தது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதையும் செய்து டி.எல். நம்பர் வாங்கினேன். 2024-ல் பதினைந்து வயது முடியப் போகிறது என்றதும் டெல்லியில் அதற்கு வாழ்வில்லை என்றாகிவிட்டது. உடைக்கக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் என்.ஓ.சி. வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். லாரியில் ஏற்றி திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டெல்லியில் யாரும் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவில்லை, பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை. பிறந்த தேதியை மட்டும் பார்த்தார்கள். திண்டுக்கல்லில் வண்டியைப் பார்த்தார்கள், பாஸ் போட்டார்கள். ஒரே நாடு, ஒரே மோட்டார் வாகனச் சட்டம், ஒரே கார். ஓரிடத்தில் குப்பை, இன்னொரு இடத்தில் ஐந்து வருஷ ஆயுள்!

இது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்த கதை

நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பவைதான் அதில் முக்கியம். வண்டிகளே குறைவாக இருந்த காலம்.

அடுத்தது 1939-ம் வருஷச் சட்டம். அதன் 38-வது பிரிவுதான் நம் கதாநாயகன். வாடகைக்கு ஓடும் வண்டிகள், அதாவது பஸ், லாரி, டாக்ஸி எல்லாம் தகுதிச் சான்று வைத்திருந்தால்தான் அவற்றின் பதிவே செல்லும் என்றது அது. 1988-ல் வந்த புதுச் சட்டத்தில் அதுவே 56-வது பிரிவானது. லாரி உலகம் இதற்கு வைத்த பெயர் எஃப்.சி. மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பதவிப் பெயர், ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். அவருடைய வேலை என்ன என்பதை ஜனங்கள் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்!

நாமக்கல், சங்ககிரி பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு எஃப்.சி. என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அது லாரிக்குத் தீபாவளி மாதிரி. பாடியைத் தட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, லைட் எல்லாம் எரிகிறதா என்று பார்த்து, மாலை போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நல்ல டயரை வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, திரும்பி வந்து கழற்றிக் கொடுத்த கதைகளையும் டீக்கடைகளில் கேட்டிருப்பீர்கள். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டி, சடாரென்று பிரேக் போட்டுப் பார்ப்பார். ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர். பிறகு கையெழுத்து.

1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-வது விதி இதற்குக் காலக்கெடு வைத்தது. புது வண்டிக்கு இரண்டு வருஷம், அதன்பிறகு வருஷா வருஷம். 2018-ல் இதைத் தளர்த்தி, எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள்.

சரி, நம் வீட்டுக் காரும் ஸ்கூட்டரும்? 1988 சட்டத்தின் 41-வது பிரிவுப்படி அவற்றின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அதாவது ஷோரூமை விட்டு வெளியே வந்ததிலிருந்து 15 வருஷம், உங்கள் காரின் பிரேக் பிடிக்கிறதா என்று அரசாங்கம் ஒருமுறைகூடக் கேட்காது.

இங்கிலாந்தில் 1960-ல் எம்.ஓ.டி. என்ற சோதனையைக் கொண்டுவந்தார்கள். பத்து வயதான வண்டிகளுக்கு பிரேக், லைட், ஸ்டியரிங் மூன்றையும் பார்ப்பது என்று ஆரம்பித்து, 1967-க்குள் மூன்று வயது வண்டி என்று இறக்கிவிட்டார்கள். பிறகு வருஷா வருஷம், பக்கத்துத் தெரு கராஜிலேயே. அவர்கள் மூன்று என்ற இடத்தில் நாம் பதினைந்து என்கிறோம்.

புகை வந்தது, வயசும் வந்தது

நடுவில் வந்ததுதான் பி.யு.சி. 1989 விதிகளின் 115-வது விதி. முதல் வருஷம் முடிந்ததும் புகைச் சான்று வாங்க வேண்டும். அந்தக் கால அளவுகளின்படி பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், டீசலுக்குப் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பி.எஸ். 4 பெட்ரோல் கார்களுக்கு அந்த 3 என்பது 0.3 ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் பெட்ரோல் பங்க் ஓரத்துப் பெட்டிக்கடையில் சைலன்சருக்குள் குழாயை விடுகிறவருக்கு உங்கள் டயர் வழுக்கையா என்பது பற்றிக் கவலையில்லை, அவர் வேலையும் அதுவல்ல. நம்மில் பலர் அந்தச் சீட்டையே வண்டிக்கான முழு உடல் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வயசு வந்தது டெல்லியில். எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் பெரிய உத்தரவு ஒன்றைப் போட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பஸ்கள் சி.என்.ஜி.யில்தான் ஓட வேண்டும், 1990-க்கு முந்தைய ஆட்டோ, டாக்ஸிகளை மாற்ற வேண்டும், 15 வயது தாண்டிய வாடகை வண்டிகள் வெளியேற வேண்டும். சி.என்.ஜி. பங்குகளில் ராத்திரி முழுக்க ஆட்டோக்கள் வரிசையில் நின்ற கதையை இங்கே மயூர் விஹார், ஆர்.கே. புரத்துப் பழைய ஆட்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். 2002 முடிவதற்குள் டெல்லியின் பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறின. காற்று தெளிந்தது என்பதும் உண்மை.

எனக்குத் தெரிந்து, வண்டி எப்படி இருக்கிறது என்ற கேள்வியின் இடத்தில் வண்டிக்கு என்ன வயது என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது இங்கேதான். அவசரத்துக்கு அது சுலபமான அளவுகோல். ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சோதிக்க ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. தேதியைப் பார்க்க ஆர்.சி. புத்தகம் போதும்.

அதே வழியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் 15 வயது தாண்டிய வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசலுக்குப் பத்து வயது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என் கார் மாட்டியது இதில்தான். 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிகளுக்குப் பெட்ரோலே கிடையாது என்று பங்குகளில் கேமரா வைத்துப் பிடித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பர் 17-ல் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-ம் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டுமே என்று திருத்தியது. 2009-ல் மதுரையில் வாங்கிய என் கார் பி.எஸ். 4-க்கு முந்தையது. ஆக, திண்டுக்கல்லுக்கு அனுப்பியது வீண்போகவில்லை :-)

காகிதம் சரியாக இருந்தது

வயசு சரியான அளவுகோல் இல்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தால் போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

2012 ஜூலை 25. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளி பஸ். தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பஸ்ஸின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்த பஸ் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. வாங்கியிருந்தது. அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் எந்த அப்பா அம்மாவுக்கும் மனசு பதறாமல் இருந்திருக்காது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி பஸ்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் பள்ளி பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்ப்பதைப் பேப்பரில் பார்க்கிறோமே, அதன் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

டெல்லியிலும் கதை வேறில்லை. 2025 ஏப்ரலில் சட்டசபையில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கையில், அளவுக்கு மேல் புகை விட்டும் பி.யு.சி. பாஸ் வாங்கிய வண்டிகள் 1.08 லட்சம் என்று இருக்கிறது. மெஷினே இது ஃபெயில் என்று காட்டியிருக்கிறது, சீட்டில் பாஸ்!

எங்கள் பாங்க் தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். கடன் வாங்கியவர் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுப்பார். கூட்டல் கழித்தல் பக்காவாக இருக்கும். கோடவுனுக்குப் போய் மூட்டையைக் குத்திப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது பருப்பா, தவிடா என்று தெரியும். குத்திப் பார்க்காமலே "இன்ஸ்பெக்ஷன் முடிந்தது" என்று எழுதுகிற ஆபீசரும் உண்டு. எஃப்.சி.யும் அப்படித்தான். சான்றிதழ் வண்டி இல்லை.

இப்போது மெஷின்

2021 ஆகஸ்ட் 13-ல் மத்திய அரசு வண்டி உடைப்புக் கொள்கையைத் தொடங்கியது. அதன் அடிப்படை, வயதை மட்டும் வைத்து உடைக்கக் கூடாது, சோதித்துப் பார்த்து தகுதி இல்லையென்றால் உடைக்க வேண்டும் என்பது. அதே வருஷம் செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் வந்தன. அங்கே வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கிறார்கள். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது, சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, சஸ்பென்ஷன், புகை எல்லாம் மெஷின் சொல்கிறது. நிலையம் நடத்துகிறவர் வண்டி ரிப்பேரோ விற்பனையோ செய்யக்கூடாது என்பது நல்ல விதி. "இது போச்சு சார், மாத்திடலாம்" என்பதற்கு இடமில்லை.

கனரக வண்டிகளுக்கு இந்த நிலையத்துச் சோதனையைக் கட்டாயமாக்க முதலில் வைத்த கெடு 2023 ஏப்ரல் 1. நிலையங்கள் போதாமல் அது 2024 அக்டோபர் 1 என்று தள்ளிப்போனது. 85 வருஷமாகக் கண்ணால் பார்த்த வேலை ஒரே நாளில் மாறிவிடுமா என்ன?

மெஷின் வந்தால் தவறே நடக்காது என்று நான் நம்பவில்லை, 1.08 லட்சம் பி.யு.சி.யும் மெஷின் வைத்துக் கொடுத்ததுதான். ஆனால் எண் பதிவாகிவிட்டால் பின்னால் வருகிற தணிக்கையாளர் அதைப் பிடிக்க முடியும். கண்ணால் பார்த்ததற்குத் தடயமே கிடையாது.

உங்கள் வண்டிக்குப் பதினைந்து வயது நெருங்குகிறதா?

- ஆர்.சி.யில் "ரெஜிஸ்ட்ரேஷன் வேலிடிட்டி" தேதியைப் பாருங்கள். அது முடிய 60 நாள் இருக்கும்போதிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம்.
- வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் புதுப்பிக்க வேண்டும். காரை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.
- சோதனை எங்கே என்பதை பரிவாஹன் தளத்தில் பார்த்து நேரம் பதிவு செய்யலாம். தானியங்கி நிலையமா, ஆர்.டி.ஓ. மைதானமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.
- 2022 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய் (முன்பு 600), பைக்குக்கு 1,000. தாமதித்தால் காருக்கு மாதம் 500, பைக்குக்கு 300 கூடுதல். 2025 ஆகஸ்டிலிருந்து 20 வயது தாண்டிய காருக்கு 10,000, பைக்குக்கு 2,000.
- டெல்லி, குர்காவ், நொய்டா ஆட்கள் பி.எஸ். 3 அல்லது அதற்கு முந்தையது வைத்திருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே என்.ஓ.சி. வாங்கிவிடுங்கள்.

போன மே மாதம் லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். ஐந்து வருஷச் சான்று கையில் இருக்கிறது, போதாதா? மனசு கேட்கவில்லை. பட்டறையில் விட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். பின்பக்க பிரேக் ஷூ தேய்ந்து தகடாக இருந்தது. பாஸானபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காட்ரோடு தாண்டி மலை இறங்கும்போது பிடிக்க வேண்டியது சான்றிதழ் இல்லை, அந்த ஷூதான்.

நீங்களும் இந்த லீவுக்கு ஊர்ப் பக்கம் வண்டியில் கிளம்புவதாக இருந்தால், சர்க்கார் கேட்கிறதோ இல்லையோ, ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.